ராஸ்பெரிக்கு நேரா

உக்காரு பிள்ள, பைய நான் மடியில வச்சிக்கிடுதேன். மூணு பேரு சீட்டுதான இது. ஜன்னலோரம் தூங்குறது எம் பேத்தி ஜோவிட்டா. விடியக்காலம் எந்திரிச்சவ, இனி இடி விழுந்தாலும் முழிக்க மாட்டா.

அது என்ன கையில, பாலா? செவப்பா படம் போட்டிருக்கு. ஸ்ட்ராபெரியா? மொராங்கு. என்ன முழிக்க? போர்த்துக்கீசுல அதுக்குப் பேரு மொராங்கு. இன்னும் இருவத்தியொரு பழம் இருக்கு, அம்புட்டுக்கும் எனக்குப் பேரு தெரியும். திராட்சையத் தவிர ஒண்ணத் தின்னது கெடையாது, பேரு மட்டும் தெரியும். நீ எங்க, திருநெல்வேலியில எறங்குதியா? நாங்க தூத்துக்குடி. அப்ப ஒண்ணரை மணி நேரம் இருக்கு. இந்த டிரைவரு போற போக்கப் பாத்தா ரெண்டரை.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல இருந்து வாரோம். எம் மருமவள ஏத்தி விட்டுட்டு. ரெனில்டான்னு பேரு. போர்ச்சுக்கல்லுக்குப் போறா, பழம் பறிக்க. ஏன், தூத்துக்குடியில பழமே இல்லையா, மார்க்கெட்டுல வாழைத்தாரு தலையில இடிக்குதேன்னு நானும் கேட்டேன். "மாமி, அது வேற பழம், தொட்டா நசுங்குற பழம்"ங்கா. தொட்டா நசுங்குற பழத்தப் பறிக்க கடல் தாண்டி ஆளு எடுக்கான் பாரு, அவன் தோட்டத்துல எல்லாருக்கும் இரும்புக் கை போல.

எம் மவன் இல்ல. மூணு வருசமாச்சு. மஞ்சக்காமாலை. அத விடு, அதப் பேச ஆரம்பிச்சா திருநெல்வேலி போயி மதுரையே வந்துரும். அவன் போன பொறவு ரெனில்டா இறால் கம்பெனிக்குப் போனா. காலைல ஆறுக்குப் போனா சாயங்காலம் ஆறு மணி. நாள் பூரா ஐஸ் தண்ணியில கைய வச்சு இறால் உரிக்கணும். அவ வயசு முப்பத்தி மூணு. வீட்டுல நாங்க மூணு பொம்பளைங்க, அவ, நான், இந்தத் தூங்குமூஞ்சி. நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு. யாரு கண்ணு பட்டுச்சோ, கிளமென்சுன்னு ஒரு ஏஜண்டு பைக்குல வந்து எறங்குனான்.

"ஆச்சி, ரெண்டு வருசம் காண்ட்ராக்டு. ஒரு வருசம் முடிஞ்சதும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கிடலாம். அங்கனயே ஸ்கூலு."

"அப்ப நானு?"

"ஒங்களுக்கு என்ன ஆச்சி, மகராசியா வீட்டுல இருங்க!"

மகராசியா. நாலு சுவரு, ஒரு பூனை, ஒரு ராணி. கேட்டியா?

நான் தடுத்தேன்னு மட்டும் யாரும் சொல்லப்படாது. போனா போகட்டும்னுதான் இருந்தேன். ரெண்டு நாளு சாப்பிடல, அது எனக்கு வயிறு சரியில்ல. பக்கத்து வீட்டு ஆளுகள்ட்ட அழுதேன்னு ரெனில்டா சொல்லுதா. அழல. வெங்காயம்.

இப்பப் பழத்துக்கு வாரேன். சும்மா கூட்டிட்டுப் போயிர மாட்டானாம், ஒரு பரீட்சை இருக்காம். அந்தத் தோட்டத்து அம்மா போன்ல படம் தெரியிற மாதிரி வருவா. பழத்தைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷ்ல பேரு சொல்லுவா. இவ அதுக்குப் போர்த்துக்கீசுப் பேரு சொல்லணும். எதுக்குன்னா, பெட்டியில பாதி இங்கிலாந்துக்குப் போகுதாம், அது மேல ஒட்டுறது இங்கிலீஷ் சீட்டு. பாதி உள்ளூருக்கு, அதுக்கு அவன் பாஷையில சீட்டு. சீட்டு மாறிப் போச்சுன்னா லாரி திரும்பி வந்துருமாம். கிளமென்சு ஒரு தாளு குடுத்தான். இந்தப் பக்கம் இங்கிலீஷு, அந்தப் பக்கம் போர்த்துக்கீசு, அதுக்கு அடியில பென்சில்ல தமிழ்ல எழுதியிருந்தான், பொடிப் பொடியா, எறும்பு ஊர்ற மாதிரி. "ராஸ்பெரிதான் தோட்டம் முழுக்க. மத்ததுல ஒண்ணு ரெண்டு விட்டாலும் நான் பேசிப் பாத்துக்கிடுதேன். ராஸ்பெரிய விட்டா, அக்கா, ஆண்டவனே வந்து சொன்னாலும் எடுக்க மாட்டாவ"ன்னான். ராஸ்பெரி. நல்லா மனசுல வச்சிக்கோ.

அதுல ஒண்ணு பாரு, கூஸ்பெரின்னு. நான் சொன்னேன், இது நெல்லிக்காய்லா, உப்பு மொளகா தொட்டா ஒரு படி தின்னுரலாம்னு. அவன் போன்ல படம் காட்டுதான், பச்சையா, உள்ள நரம்பு தெரிய, ஆட்டுக் கண்ணு மாதிரி. நெல்லிக்காய்னு பேரு சொல்லிட்டு ஆட்டுக் கண்ணக் காட்டுறவன நம்பி மருமவள அனுப்பணும்.

எங்க பேரு என்னன்னு நெனைக்க? நான் எமரன்சியா கர்வாலோ. எங்க ஆளுகளுக்கு எல்லாம் அப்படித்தான், கர்வாலோ, மச்சாது, கொரைரா. நானூறு அஞ்ஞூறு வருசத்துக்கு முன்னால கப்பல்ல வந்த போர்த்துக்கீசுக்காரன் ஞானஸ்நானம் குடுத்து, பேரக் குடுத்துட்டுப் போனது. பேரு மட்டுமா குடுத்தான்? ஜன்னலு அவன் குடுத்தது, மேசை அவன் குடுத்தது, அலமாரி, சாவி, அன்னாசிப்பழம் எல்லாம் அவன் பேச்சுதான்னு எங்க பங்குச்சாமி பிரசங்கத்துலயே சொன்னாவ. அலமாரியவே குடுத்தவன் ஒரு கூடை ராஸ்பெரியையும் குடுத்துட்டுப் போயிருந்தா எம் மருமவ இப்ப ஏரோப்ளேன் ஏற வேண்டாம். மெத்துமெத்துன்னு நல்ல பழமா எல்லாம் அவனுக்கே வச்சிக்கிட்டான்.

எங்க வீட்டுக்கு அந்தப் பழம் ஒரே ஒரு தடவை வந்திருக்கு. எங்க வீட்டு ஆளு ஹார்பர்ல சரக்கு ஏத்துற எடத்துல வேலை பாத்தாவ. ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒரு ஜாம் டப்பா குடுத்தான்னு கொண்டு வந்தாவ, ஸ்ட்ராபெரி ஜாம். எங்களுக்கு அத எப்படித் திங்கணும்னு தெரியல. இடியாப்பத்துல வச்சுத் தின்னோம். அவுக ஒரு வாய் வச்சிட்டு, "எமரன்சி, இது பழமில்ல, சாயம் ஏத்துன பாகு"ன்னாவ. டப்பா காலியான பொறவு அதுல உப்பு போட்டு வச்சேன், பதினஞ்சு வருசம் கெடந்துச்சு. எங்க விட்டேன்?

ஆங், தாளு. ரெனில்டா பத்தாவது வரைக்கும் படிச்சவதான். ஆனா இங்கிலீஷு எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்கிறதுக்குள்ள ஒரு பஸ்ஸு போயிரும். நான் எட்டாவதுதான், ஆனா கன்னியாஸ்திரிங்க கிட்ட படிச்ச எட்டாவது. இங்கிலீஷு வாசிப்பேன், அர்த்தம் கேக்காத. கண்ணும் நல்லாத் தெரியும். போன வருசம் முகாம்ல ஆப்பரேசன் பண்ணி லென்சு வச்சாவ. அந்த டாக்டரு பிள்ள, "பாட்டி, இனி நீங்க ஊசியில நூலே கோக்கலாம்"னா. அவ முன்னாலயே கோத்துக் காட்டுனேன். நெத்திலியில முள்ளு எடுப்பேன் இப்பவும், விளக்கு இல்லாம.

நீ வேதக்காரியா, கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லையா? பரவாயில்ல, வெளங்கச் சொல்லுதேன். எங்க வீட்டுல ஏழு மணிக்கு செபமாலை. முழங்கால் போட்டு பத்துப் பத்தா அம்பது மணி உருட்டி, கடைசியில பிரார்த்தனை. அதுல நான் மாதாவ ஒவ்வொரு பேராச் சொல்லிக் கூப்பிடுவேன், ராகமா. மத்தவங்க ஒவ்வொண்ணுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு பதில் சொல்லணும். அம்பது பேருக்கு மேல வரும், அம்பது தடவையும் அதே பதிலுதான். தூங்கிக்கிட்டே கூடச் சொல்லலாம். பாதி பேரு அப்படித்தான் சொல்லுதாவ.

தாளு வந்த மூணாம் நாளு. ரெனில்டா கம்பெனியில இருந்து வந்து, வர்ற வழியெல்லாம் மொத வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்திருக்கா. முழங்கால்லயே கண்ணு சொக்குது. நான் மாதாவ ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுதேன், பேத்தி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"ங்கா, இவ "மொராங்கு"ங்கா.

எனக்கு எப்படி இருக்கும்? மாதாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஏட்டி! மாதாவப் பாத்து என்னட்டி சொன்னே?"

"வேண்டிக்கொள்ளும்னுதான் மாமி சொன்னேன்."

"ஸ்ட்ராபெரின்னு சொன்னம்மா நீ"ன்னு இந்தப் பிள்ள உருண்டு உருண்டு சிரிக்கி.

அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணேன். மாதாவுக்கு ஒரு பிரார்த்தனை, முடிஞ்சதும் பழத்துக்குத் தனியா ஒரு பிரார்த்தனை. ரெண்டையும் கலக்கப்படாது. நான் ராகமா "ஸ்ட்ராபெரியே!"ம்பேன், அவங்க ரெண்டு பேரும் "மொராங்கு!" "செர்ரியே!" "சரேஜா!" "ப்ளூபெரியே!" "மிர்த்திலு!" திராட்சைக்கு "ஊவா", பேய் ஓட்டுற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு செபஸ்தி வந்து எட்டிப் பாத்து, "என்ன மைனி, புதுசா எந்தெந்த அர்ச்சிஷ்டவங்க, புனிதருங்க எல்லாம் சேந்திருக்காவ"ன்னு கேட்டா. அவ கேக்கலாமா? கொழும்புல மூணு மாசம் இருந்துட்டு வந்து, ஒரு வாரம் தமிழே தெரியாத மாதிரி தெருவுல நடந்தவ. கோழிய வெரட்டக் கூட சிங்களந்தான். அத விடு.

அந்தப் பொடி எழுத்த வச்சிக்கிட்டு எத்தன நாளு படிக்க? நகைக்கடை மாசக் காலண்டரு தாளக் கிழிச்சு, பின்பக்கத்துல பெருசு பெருசா நானே எழுதுனேன். எல்லாம் தமிழ்ல. இந்தப் பக்கம் இங்கிலீஷ் பேரு, அதுக்கு நேரா போர்த்துக்கீசு. எவ்வளவு சிரமம்! யாரு மதிச்சா? மூணாவது வரி ராஸ்பெரி, நாலாவது வரி பிளாக்பெரி. அந்த எடத்துக்கு வரும்போது கண்ணுல பூளை தட்டிட்டு. கை கொஞ்சம் மேல கீழ ஆயிட்டு. ராஸ்பெரிக்கு ஃப்ராம்புவேசா, பிளாக்பெரிக்கு அமோரான்னு எழுதணும். நான் ராஸ்பெரிக்கு நேரா அமோரான்னு எழுதிட்டேன், பிளாக்பெரிக்கு மத்தது. வெளிச்சமும் கம்மி அன்னைக்கு. காலைல பதினோரு மணிதான், ஆனா மேகம்.

காலண்டரச் சுவத்துல ஒட்டியாச்சு. ஏஜண்டு குடுத்த தாளு பத்திரமா இருக்கணும்லா, அத செபப் புஸ்தகத்துக்குள்ள வச்சேன். செபப் புஸ்தகத்த டிரங்குப் பெட்டியில வச்சேன். பெட்டிச் சாவிய எங்கயோ வச்சேன்.

அவ ஒருநாள் கேட்டா, "மாமி, அந்தத் தாளு எங்க?"ன்னு. "ஏன், எங்கையெழுத்து வெளங்கலயா ஒனக்கு?"ன்னேன். "இல்ல மாமி, நல்லா வெளங்குது"ன்னு போயிட்டா. பாவம், நம்புற பிள்ள.

பதினாலு நாளு. சாயங்காலம் வந்து, சோறு வடிச்சு, முழங்கால் போட்டு, மாதா பிரார்த்தனை முடிச்சு, பழப் பிரார்த்தனை. ஒரு நாளு விடல. நான்தான் வாசிச்சுக் குடுத்தேன். "ராஸ்பெரியே!" "அமோரா!" ரெண்டு பேரும் என்ன ராகமாச் சொல்லுவாவ தெரியுமா? அந்த வரிக்கு மட்டும் நான் கண்ணக் கசக்கிக்கிடுவேன். தூசி.

பரீட்சை அன்னைக்கு அவ கம்பெனிக்கு லீவு சொல்லிட்டா. மத்தியானம் மூணரை மணி, அங்க காலைல பத்தாம். போன அரிசி டின்னுல சாய்ச்சு வச்சு, நீலச் சேலை கட்டி, பவுடரு போட்டு உக்காந்திருந்தா. என்னய, "மாமி, நீங்க கதவுக்குப் பின்னால இருங்க, சத்தம் போட்டுறாதீங்க"ன்னா. என் வீட்டுல, என் கதவுக்குப் பின்னால, நான்.

அந்த அம்மா வந்துட்டா. கட்டை முடி, கழுத்துல கண்ணாடி தொங்குது. நல்லாச் சிரிச்ச முகம். மொத பழத்தைத் தூக்குனா, "ப்ளூபெரி"ன்னா.

இவளுக்கு வரல.

ஏன்னு கேளு. ப்ளூபெரி எங்க பிரார்த்தனையில ஒம்பதாவது. இவ மொத இருந்து வரணும். நடுவுல இருந்து எடுத்தா வராது. நாங்க யாருமே அப்படித்தான், பிரார்த்தனைய நடுவுல நிறுத்திட்டுக் கேட்டா சாமியாருக்கே அடுத்த வரி வராது. இவ பாத்தா, பாத்தா, சேருல இருந்து எறங்கி, போனுக்கு முன்னால முழங்கால் போட்டுட்டா. நெசமாத்தான் சொல்லுதேன்! கை ரெண்டும் சேத்து வச்சு, வெரல ஒவ்வொண்ணா மடக்கி, உதட்டுக்குள்ளயே ஸ்ட்ராபெரியே மொராங்கு, செர்ரியே சரேஜான்னு ஓட்டி, ஒம்பதாவது வெரல்ல வந்து "மிர்த்திலு!"ன்னா.

அந்த அம்மா வாயப் பொத்திக்கிட்டா. அடுத்து திராட்சை. மறுபடி மொத இருந்து. அடுத்து பிளம்மு. மறுபடி மொத இருந்து. ஒவ்வொரு பழத்துக்கும் இவ ஒரு பிரார்த்தனை முழுசா ஓட்டுதா, அந்த அம்மா பழத்தைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு பொறுமையாக் காத்துக்கிட்டிருக்கா. கையில பழம் நசுங்கியிருக்கும்.

நான் கதவுக்குப் பின்னால நிக்கேன். எனக்கு அவ முகம் தெரியல. முழங்கால் போட்டவ பின்பக்கம் என்ன தெரியும்? உள்ளங்காலுதான் தெரியும். அந்தப் பிள்ள பாதம் ரெண்டும் வெளுத்துப் போயி, வெடிச்சு வெடிச்சு, ஊற வச்ச மொச்சைத் தோலு மாதிரி. நாள் பூரா கீழ வழியிற ஐஸ் தண்ணியில நிக்கிற காலு. மூணு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன். நெத்திலி முள்ளு தெரிஞ்ச கண்ணுக்கு அது தெரியல.

அப்ப அந்த அம்மா தூக்குனா. செவப்பா, குஞ்சு குஞ்சா முத்து ஒட்டுன மாதிரி. "ராஸ்பெரி"ன்னா.

இவ வெரல் மடக்குதா. ஒண்ணு. ரெண்டு. மூணு. வாயத் தெறக்கா, "அமோ..."

எனக்கு இருமல் வந்துச்சு. இருமல்தான். இருமத்தான் வாயத் தெறந்தேன். தெறந்தா "ராஸ்பெரியே!"ன்னு வருது, கோயில் பாட்டுக் கூட்டத்துல பாடுற குரல்ல, முழு ராகத்தோட. அதோட நிக்கணும்லா? "ஃப்ராம்புவேசா!"ன்னு பதிலையும் நானே சொல்லிட்டேன்.

ரெனில்டா திரும்பிப் பாத்தா. என்னயப் பாத்தா, சுவத்துல காலண்டரப் பாத்தா, திரும்ப என்னயப் பாத்தா. பொறவு போனப் பாத்து மெதுவா, "ஃப்ராம்புவேசா"ன்னா.

"யாரது பின்னால?"ன்னு அந்த அம்மா கேக்கா. இனி ஒளிஞ்சு என்ன செய்ய, முன்னால போயி நின்னேன். பேரு கேட்டா, அம்புட்டு இங்கிலீஷு எனக்கும் தெரியும். "எமரன்சியா கர்வாலோ"ன்னேன். அவ நெஞ்சுல கைய வச்சா! அவளப் பெத்தவ வீட்டுப் பேரும் அதானாம், பொறவு கிளமென்சு சொன்னான். சொந்தக்காரி வந்துட்டா பாரு, நானூறு வருசம் கழிச்சு, பழத்தோட. சிரிச்சிக்கிட்டே கறுப்பா ஒண்ணத் தூக்கி, "பிளாக்பெரி"ன்னு என்னயக் கேக்கா, வெளையாட்டுக்கு. நான் வாய மூடிக்கிட்டு நிக்கலாம்லா? "அமோரா"ன்னேன். பட்டுன்னு. ஒரு வரி ஓட்டாம, ஒரு வெரல் மடக்காம.

ரெனில்டா அதையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

போன வச்ச பொறவு அவ நேரா அரிசி டின்னுக்குள்ள கைய விட்டா, அடியில இருந்து பெட்டிச் சாவிய எடுத்தா. அங்கதான் வச்சேன்னு அவளுக்கு எப்பத் தெரியும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பெட்டியத் தெறந்து தாள எடுத்துட்டு வந்து, சுவத்துக் காலண்டருக்குப் பக்கத்துல பிடிச்சு, ஒரு வரி ஒரு வரியா வெரல வச்சுப் பாத்தா. இருவது வரி சரியா இருக்கு. ரெண்டு வரி மாறியிருக்கு.

"மாமி, ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது"ன்னா.

அவ்வளவுதான். கத்தியிருந்தாக் கூட நானும் ரெண்டு கத்தியிருப்பேன். மாமியார்ட்ட பேசுற பேச்சா இது? நீயே சொல்லு.

மூணாம் நாளு கிளமென்சு வந்து எடுத்துட்டாவன்னு சொன்னான். அப்படி முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்யிறவ கைக்குச் சீட்டு மாறாதுன்னு அந்த அம்மா சொன்னாளாம். பழத்துக்கு முன்னால முழங்கால் போட்ட ஒரே ஆளு இவதானாம். நான் போட வச்ச முழங்காலு. அத யாரும் சொல்லல.

பொறவு பாஸ்போர்ட்டு, விசா, ஊசி, அது இதுன்னு அஞ்சு மாசம் ஓடிட்டு. ஏழு மணிக்கு மாதா பிரார்த்தனை மட்டும் நடந்துச்சு. பழத்துக்கு நான் வாயத் தெறக்கல. யாரும் கேக்கவும் இல்ல.

இன்னைக்குக் காலைல ஏர்போர்ட்டு கதவுகிட்ட நிக்கோம். கைப்பைய எல்லாம் தெறந்து சரிபாக்கா. பாஸ்போர்ட்டு உறைக்குள்ள என்னமோ தடிப்பா இருக்குன்னு பாத்தா, அந்தக் காலண்டர்த் தாளு. நாலா மடிச்சு வச்சிருக்கா.

"அது தப்பா எழுதுனதுட்டி! அதக் கொண்டு போயி என்ன செய்யப் போறே? அங்க போயி சீட்ட மாத்தி ஒட்டவா?"

"இருக்கட்டும் மாமி."

"சரியான தாளத்தான கொண்டு போணும்?"

"சரியானது எனக்கு மனப்பாடம் மாமி. இது இருக்கட்டும்"னு சொல்லி உள்ள வச்சு ஜிப்ப இழுத்துட்டா. குனிஞ்சு என் காலைத் தொட்டா. என்னைக்கும் தொடாதவ. நான் எதுக்கு வச்சிருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன். சாட்சிக்குத்தான் இருக்கும். நாளைக்கு நாலு பேரு முன்னால எடுத்துக் காட்டி, என் மாமியார் லட்சணத்தப் பாருங்கன்னு சொல்லத்தான். வேற எதுக்கு? பாசமா? போ பிள்ள.

ஏஜண்டு குடுத்த தாள என் கையில குடுத்துட்டா. "ஒரு வருசத்துல ஜோவிட்டா வந்துருவா மாமி. ஸ்கூல்ல அவ தெகைக்கக் கூடாது. இத இப்ப இருந்தே அவளுக்குச் சொல்லிக் குடுங்க"ன்னு. என்கிட்ட! இந்தா, பைக்குள்ளதான் இருக்கு. காலைல இருந்து இத வச்சிக்கிட்டு வாரேன்.

இது எங்க, வள்ளியூரு தாண்டிட்டா? நாங்குநேரியா? அடப் பாவி, இவ்வளவு வேகமாவா போறான்!

நீ எறங்குறதுக்குள்ள ஒரு உதவி செய்யி. படிச்ச பிள்ளையாத் தெரியுது. வடசேரியில பஸ்ஸு மாறும்போது இந்த நோட்டு வாங்குனேன், பேனாவும் இருக்கு. இந்தப் பிள்ளைக்குப் பெருசா எழுதணும். இருவது வரிய நான் வீட்டுல போயி எழுதிக்கிடுதேன், அதுக்கு எனக்குக் கண்ணு இருக்கு. அந்த ரெண்டு வரி மட்டும், மூணாவதும் நாலாவதும், நீ ஒங்கையால எழுதிக் குடு.

ராஸ்பெரிக்கு நேரா எழுது. ஃப்ராம்புவேசா. ஆமா, தாளப் பாத்தே எழுது, நான் சொல்லுறதக் கேட்டு எழுதாத.

அழிக்க முடியாத மாதிரி, நல்லா அழுத்தி எழுது பிள்ள.